அடைத்த அறையில் எப்படி வந்தது வெளிச்சம்?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். "எத்தனை பக்கம்?" என்றேன். "உங்க இஷ்டம்க்கா" என்றீர்கள். என்னிடம் போய் இப்படிச் சொல்லலாமா? நான் அரை மணி நேரம் மீட்டிங் என்று சொன்னால் ஆபீஸில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். சரி, பயப்படாதீர்கள். சூத்திரம் எதுவும் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று மானம் கப்பலேறியிருக்க வேண்டியது. கடைசியில் சூலியா தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் ஆபீஸ் டத்தோ கிராமாட் பகுதியில், ஒரு கிளினிக்கின் மேல்மாடியில் இருந்தது. கட்டப்போகும் வீட்டையும் கடையையும் முதலில் கணினியில் கட்டி, கஸ்டமரை அதற்குள் நடக்கவிட்டுக் காட்டுவதுதான் தொழில். நாங்கள் மூன்றே பேர். வேலை பிடித்து வர பாஸ். சுவர், மேசை, துணிமணி எல்லாவற்றையும் செய்து வைக்க குமார். வெளிச்சத்துக்கு நான்.

கஸ்டமர் பெயரைக் காதர் பாய் என்று வைத்துக்கொள்வோம். சூலியா தெருவில் துணிக்கடை. முன்னால் குறுகலாகவும் உள்ளே போகப் போக நீளமாகவும் இருக்கும் பழைய கடைவீடு. நடுவில் கூரையில்லாமல் வானம் தெரியும் முற்றம். அந்த முற்றத்தைச் சுற்றி ஆறு தையல் மெஷின் போட்டு, பாயின் தங்கை ஜமீலா தையல் பகுதியை நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணச் சீசனில் ரவிக்கைக்கும் மலாய்ப் பெண்களின் பாஜூ குரோங் உடைக்கும் அங்கே இடம் பிடிப்பது பெரிய பாடு. என் அக்கா மகள் கல்யாணத்துக்கு நானே கெஞ்சியிருக்கிறேன்.

பாய்க்கு மாடியில் கூடுதல் இடம் தேவைப்பட்டது. முற்றத்தின் மேல் தளம் போட்டு மூடிவிட்டு, ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி விட்டால் கீழே பகல் வெளிச்சம் தாராளமாக இருக்கும் என்று பிளான் போட்டவர் சொல்லியிருந்தார். ஜமீலா ஒத்துக்கொள்ளவில்லை. துணிக்கும் நூலுக்கும் கலர் சேர்ப்பதுதான் அவர் கையின் மதிப்பே. அதை வானத்து வெளிச்சத்தில்தான் செய்வார். முதல் நாள் அளவெடுக்கப் போனபோதே அண்ணனும் தங்கையும் என் எதிரில் முட்டிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்று கூப்பிடுவார்கள்.

"லைட்டு வெளிச்சத்துல நூல் எடுத்தா, பொண்ணு மேடையில நிக்கும்போது ரவிக்கை ஒரு கலரு, தையல் ஒரு கலருன்னு பல்லைக் காட்டும் நானா. இதை மூடினீங்கன்னா எனக்கு இங்க வேலையே வேணாம். ஆறு மெஷினையும் வித்துட்டு வீட்ல உக்காந்துக்கிறேன்."

"படம் வரட்டும் லா. படத்துல இருட்டா இருந்தா மூடமாட்டேன், சத்தியம். வெளிச்சமா இருந்தா நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது, சரியா?"

"சரி," என்றார் ஜமீலா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை நம்பி ஒரு குடும்பம் பந்தயம் கட்டுகிறது!

பாய் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ஒரு முழம் கண்ணாடியில வர்ற வெளிச்சம் அந்த மூலை வரைக்கும் போகுமா போகாதான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"வெயில் தரையில விழுது பாய். தரையில பட்டு எகிறி சுவருக்குப் போகுது. சுவர்ல பட்டது கூரைக்குப் போகுது, அங்கருந்து துணி மேல விழுது. போற இடத்துலல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொறையும், அந்தந்த இடத்துக் கலரையும் கொஞ்சம் எடுத்துக்கும். அதைத்தான் நாங்க எண்ணிக்கிட்டே போறோம்."

"அப்ப என் சுவரும் ஒரு லைட்டுதான்னு சொல்லு!"

இந்த எகிறல் கணக்குக்கு எங்கள் தொழிலில் குளோபல் இல்லுமினேஷன் என்று பெயர். அதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதை நொடிக்கு அறுபது படம் என்ற வேகத்தில், கஸ்டமர் நடக்க நடக்கச் செய்வதுதான் கஷ்டம். எல்லா எகிறலையும் எண்ண நேரம் கிடையாது. அதனால் போன படத்தில் கிடைத்த வெளிச்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதன்மேல் அடுத்த எகிறலைக் கூட்டுவோம். அந்த வருடம்தான் இந்த முறையை நான் முழுசாகச் சொந்தமாக எழுதி முடித்திருந்தேன். தலைக்கனம் ஏறிப்போய் இருந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது எங்கள் ஆபீஸ் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குச் 'சீனி' என்று பெயர். படத்தில் எந்த மூலையும் கன்னங்கரேலென்று போய்விடக்கூடாது என்பதற்காக, எங்கிருந்தும் வராத வெளிச்சம் கொஞ்சத்தை எல்லா இடத்திலும் தூவிவிடுவோம். "கஸ்டமருக்கு இருட்டு பிடிக்காது, கொஞ்சம் சீனி போடு" என்பார் பாஸ். எல்லாக் கம்பெனியிலும் வேறு வேறு பெயரில் இது உண்டு. அழகுக்காக மட்டும் காட்டும் படத்தில் தப்பும் இல்லை.

படம் காட்டும் நாள் வந்தது. பாய் மத்தியான லுஹர் தொழுகை முடித்துவிட்டு ஜமீலாவோடு வந்தார். பெரிய திரையில் முதலில் முற்றம் திறந்தபடி இருக்கும் கடை. வெயில் தரையில் விழுந்து, மஞ்சள் சுவரில் ஏறி, மெஷின்மேல் இளமஞ்சளாக இறங்கியது. "அப்படியே இருக்கு!" என்று பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்து மூடிய கடை. ஓரத்தில் ஒரே ஒரு கண்ணாடிப் பட்டை. ஆனால் உள்ளே பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது! கடைசி மூலையில் இருக்கும் நூல்கண்டுகூடத் தெரிகிறது.

"பார்த்தியா ஜமீலா, பார்த்தியா! நான் சொன்னேன்ல!"

பாஸ் முகம் மலர்ந்தது. கடையைப் புதுப்பிக்கும் வேலை முழுவதற்கும் படம் எங்களிடமே வரும் என்ற பேச்சு இருந்தது. குமார் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினான். ஜமீலா மட்டும் எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். அந்த மூலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி நானா, உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்க அடுத்த அறைக்குப் போனார்கள். எனக்கு மனசு ஒட்டவில்லை. அன்று அண்ணனிடம் பொரிந்து தள்ளிய பெண் இப்படி வாயை மூடிக்கொண்டு உட்காருவாரா? அவர் பார்த்த அதே மூலையை நானும் போய்ப் பார்த்தேன். மெஷினுக்கு அடியில் நிழலே இல்லை. என்னமோ உதைத்தது. விளையாட்டுக்குப் போல அந்தக் கண்ணாடிப் பட்டையையும் மூடினேன். வாசல் கதவை மூடினேன். பின்கட்டுக் கதவையும் மூடினேன். ஓர் ஓட்டைகூட இல்லை.

அறை ஒரு நொடி மங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, மறுபடியும் பளிச்சென்று ஆகிவிட்டது!

ஐயோ கடவுளே! ஒரு பக்கமும் திறப்பே இல்லாத அறையில் நூல்கண்டு தெரிகிறது. எங்கிருந்து வருகிறது இந்த வெளிச்சம்? குமாரை உள்ளே இழுத்துக் காட்டினேன்.

"நீ சீனி போட்டியா?"

"ஒரு ஸ்பூன் போட்டேன்க்கா. மூலைக்கு மூலை ரெண்டு குட்டி விளக்கை ஒளிச்சு வெச்சேன். இருட்டா இருந்தா நீங்க திட்டுவீங்கன்னுதான். ஏன், நீங்க போடலையா?"

"நானும்தான் போட்டேன்டா!"

பின்னாலேயே பாஸ் வந்தார். அவர் முகமே காட்டிக் கொடுத்துவிட்டது. படத்துக்குள் பார்க்கும் கேமராவை, இருட்டானால் தானாக வெளிச்சம் ஏற்றிக்கொள்ளும்படி காலையில் அவரே முடுக்கி வைத்திருக்கிறார். "கொஞ்சூண்டுதான் ஏத்தினேன்," என்றார்.

ஒரு டம்ளர் தேயில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் சீனி போட்டிருக்கிறோம். அதிலும் என் ஸ்பூன்தான் மகா மோசம். போன படத்து வெளிச்சத்தின்மேல் அடுத்ததைக் கூட்டுவோம் என்றேன் அல்லவா? நான் தூவிய பொய் வெளிச்சமும் ஒவ்வொரு படத்திலும் சுவரில் பட்டு எகிறி, தன்மேல் தானே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வெளிர் சுவர் உள்ள அறையில் ஒரு ஸ்பூன் போட்டால் நாலைந்து ஸ்பூனாகிவிடும். எழுதும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தலைக்கனத்தில் பார்க்காமல் விட்டேன்.

அடுத்த அறையில் பாய் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. பிளான்காரருக்கு போன் போட்டு, "திங்கக்கிழமையே வேலையை ஆரம்பிச்சுடுங்க," என்கிறார்.

பாஸ் தணிந்த குரலில் சொன்னார்: "விடு லா. அவங்க பார்த்தாச்சு, சந்தோஷமா இருக்காங்க. எப்படியும் டியூப் லைட் போடத்தானே போறாங்க?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பேர் பிழைப்பு அவர் தலையில் இருந்தது. உண்மையைச் சொன்னால் நானும் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. என் மனசுக்குள் அதைவிடக் கள்ளத்தனமான யோசனை ஓடியது. இப்போது பேசாமல் இருந்துவிட்டு, நாளைக்குச் சரிபண்ணி, 'புதுப்பித்த படம்' என்று பெயர் போட்டு அனுப்பிவிட்டால் என்ன? யாருக்கும் வெட்கம் இல்லை. ஆனால் நாளைக்கு யார் பார்ப்பார்கள்? பந்தயம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஆறு மெஷினும் விற்றுப் போகும். வெட்கப்படுவதென்றால் இன்றைக்கே பட வேண்டும்.

"பாஸ், நான் போய்ச் சொல்றேன். பழி என் மேல இருக்கட்டும்."

"மூணு பேரும் போட்டது, உன் மேல மட்டும் எப்படிப் போகும்? வா," என்று அவரே முன்னால் நடந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கடைசி வரை அந்த ஆபீஸை விட்டுப் போகாமல் இருந்தேன்.

பாயிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "பாய், படம் பொய். தப்பு என்னோடது. போனை வெச்சுட்டு வந்து பாருங்க." எல்லாக் கதவையும் அடைத்த அறை பளபளவென்று மின்னுவதைக் காட்டினேன். பிறகு அவர் கண் முன்னாலேயே என் சீனியை எடுத்தேன், குமார் ஒளித்த விளக்குகளை எடுத்தேன், கேமராவின் வெளிச்ச அளவை முற்றம் திறந்திருந்த படத்தில் இருந்தபடியே நிறுத்தினேன். அறை கும்மிருட்டானது. கண்ணாடிப் பட்டையைத் திறந்தேன். தரையில் ஒரு கோடு வெயில், பக்கத்துச் சுவரில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம். மூலையில் மெஷின் இருப்பதே தெரியவில்லை.

பாய்க்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? "இப்பத்தான் ஒண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணா? முதல் படம் பொய்யின்னா ரெண்டாவது மட்டும் நெஜம்னு நான் எப்படி நம்புறது?"

சரியான கேள்வி. கணக்கைக் காட்டிப் புரியவைக்கலாம்தான். பொய்ப் படம் காட்டியவளின் கணக்கை யார் கேட்பார்கள்? வாயில் வந்ததைச் சொன்னேன்: "படத்தை நம்பாதீங்க பாய். கடைக்குப் போவோம். முற்றத்தை நெஜமாவே மூடிப் பார்ப்போம்."

"இப்பவா?"

"இப்பவே. வெயில் இருக்கும்போதே."

அதற்குப் பிறகு நடந்த கூத்து இருக்கிறதே! நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொள்ள, ஐந்து பேரும் பாயின் வேனில் சூலியா தெருவுக்குப் போனோம். பக்கத்து நாணய மாற்றுக்கடைக்காரர் ஏணி தந்தார். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடும் ஒருவர் தடித்த கறுப்புக் கித்தான் தந்தார். குமாரும் கடை ஆட்களும் மாடிக் கைப்பிடிச் சுவரில் அதை இழுத்துக் கட்டினார்கள். பாஸ் டை கட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி, "இன்னும் வலது பக்கம், இன்னும் கொஞ்சம்," என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். ஓரத்தில் பிளானில் இருக்கும் அதே ஒரு முழத்தை அளந்து திறந்து விட்டோம். தெருவில் போனவர்களெல்லாம் உள்ளே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசி முடிச்சு விழுந்ததும் கீழே இருட்டு இறங்கியது. மடிக்கணினியை மெஷின் மேசையில் வைத்து, படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தேன். தரையில் அதே கோடு. பக்கத்துச் சுவரில் அதே சாம்பல். மூலையில் அதே இருட்டு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிஜ அறை கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. என்னவென்று பார்த்தால், வெயில் கோட்டின் நடுவில் ஒரு மஞ்சள் துணிக்கட்டு கிடக்கிறது. என் படத்தில் அந்தக் கட்டு இல்லை. அதைக் காலால் தள்ளிவிட்டேன். மஞ்சள் போய்விட்டது!

"சரியா இருக்கு! இருட்டு சரியா இருக்கு!" என்று குதித்தேன். இருட்டைப் பார்த்து இப்படிக் குதித்த பொம்பளையை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது. சீனி இல்லாமல் என் கணக்கு நிற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எத்தனையோ பேர் என் படங்களை அழகு என்று பாராட்டியிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு எதுவும் ஈடில்லை.

பாய் விடுவாரா? "கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும் லா. டியூப் லைட்டைப் போடு... ஆங், இப்ப பாரு, ஜோரா தெரியுது."

ஜமீலா சட்டென்று எழுந்து வந்தார். மேசையிலிருந்து ஒரு கல்யாண ரவிக்கைத் துணியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். மயில்கழுத்து நிறம்.

"முப்பது வருசமா துணி விக்கிறீங்கள்ல. இதுக்குச் சேர்ற நூலை நீங்களே எடுங்க நானா."

பாய் நூல் பெட்டியை இழுத்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். துணியின்மேல் வைத்துப் பார்த்தார். "இதான்! அச்சு அசல்!" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். அச்சு அசல்தான். யாருக்கும் சந்தேகமில்லை. எல்லோரும் ஊர்வலமாக வெளியே போனோம். நடைபாதையைத் தாண்டி வெயிலில் துணியையும் நூலையும் ஒன்றாகப் பிடித்தார் பாய்.

துணி நீலமாக நின்றது. நூல் பச்சைப் பசேலென்று இருந்தது.

நாணய மாற்றுக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "பாய், பொண்ணு வீட்டுக்காரங்க உங்களைத் தேடிக்கிட்டு வருவாங்க!" அவ்வளவுதான், தெருவே சிரித்தது. பாஸ் சிரித்துச் சிரித்துக் கடைத் தூணிலேயே சாய்ந்தார். காதர் பாய் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் இன்னும் தள்ளி நின்று பார்த்தார். கடைசியில் அவருக்கும் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கித்தானைக் கழட்டுங்கப்பா. மூடல, மூடல! சரக்கு வெக்க வேற வழி பார்க்கிறேன்."

அந்த வேற வழிக்கும் படம் எங்களிடம்தான் வந்தது. முதல் படத்தை நம்பி வந்த வேலை இல்லை அது. பொய் என்று நாங்களே ஒத்துக்கொண்டதால் வந்த வேலை. இன்றைக்கு நீங்கள் எந்தப் படத்தையும் கஸ்டமர் கண்ணில் காட்டுமுன், எல்லாக் கதவையும் ஜன்னலையும் அடைத்துப் பார்க்கிறீர்களே, அந்த வழக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அதைச் செய்யாமல் நழுவப் பார்க்கிறவர்கள் இருப்பதும் எனக்குத் தெரியும். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், போங்கள்.

இன்னும் ஒன்று சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. கித்தானை உருவிய பிறகு வெயில் மறுபடியும் முற்றத்தில் இறங்கியது. எல்லோரும் முன்கடையில் தே குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மடிக்கணினியை எடுக்க உள்ளே போனேன். ஜமீலா தனியாக உட்கார்ந்து, அதே மயில்கழுத்துத் துணிக்கு நூல் தேடிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்:

"ஏன் ஜமீலா, அங்க படத்தைப் பார்த்துட்டு ஒரு வார்த்தைகூடப் பேசலையே? அது பொய்யின்னு உங்களுக்கு ஒரு நிமிசம்கூடத் தோணலையா?"

அவர் தலை நிமிரவில்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லும்னு எனக்கு எப்படித் தெரியும்க்கா? முற்றத்தை மூடியும் அந்த மூலை எல்லாருக்கும் நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்க. போன மாசம் முற்றம் திறந்திருந்தும் சாயங்கால வெளிச்சத்துல எனக்கு அந்த மூலை தெரியல. அப்ப என் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன். மெஷினை யாருக்கு விக்கலாம்னு அங்க உக்காந்தே கணக்குப் போட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு நூலை இழுத்தெடுத்துத் துணியின்மேல் வைத்தார். இரண்டும் ஒன்றாகக் கலந்து, நூல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, முன்கடைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்:

"நானா! என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!"